மூன்றாம் ஓலை

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். முப்பத்தொரு வருஷம் உபதேசியார் வேலை பார்த்தவன் இப்படிச் சொல்லிக்கொள்வது அழகில்லைதான். ஆனால் சேரங்கோட்டுப் பக்கம் போய், "சில்வஸ்டர் உபதேசியார் எப்படிப்பட்டவர்?" என்று யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். அதற்குப் பிறகு, "ஆனாலும் நல்ல மனுசனுங்க" என்பார்கள். எனக்குக் கோபத்தைக் கொடுத்த ஆண்டவர், அதைப் பொறுத்துக்கொள்ளும் ஜனங்களையும் சேர்த்தே கொடுத்தார். அதற்காக நான் தினமும் நன்றி சொல்கிறேன்.

உபதேசியார் என்றால் பாதிரியார் இல்லை. கூடலூரில் இருந்த எங்கள் ஐயர் மாதத்தில் ஒரு ஞாயிறு வந்து திருவிருந்து கொடுப்பார். கல்யாணமும் ஞானஸ்நானமும் அவர் கையால்தான். மற்ற நாட்களில் எங்கள் எஸ்டேட் கோயிலுக்கு எல்லாமே நான்தான். பெருக்குவது நான், மணி அடிப்பது நான், பிரசங்கம் செய்வது நான், பாட்டு இழுத்துக்கொண்டு போனால் சத்தம் போட்டு நிறுத்துவதும் நான். வார நாட்களில் லயம் லயமாகப் போய் ஜெபம் செய்ய வேண்டும். தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கு லயம் என்று பெயர். எங்கள் சபையார் பெரும்பாலும் இலங்கையிலிருந்து திரும்பி வந்தவர்கள், அந்தச் சொல்லும் அவர்களோடு கப்பலேறி வந்ததுதான். போகிற வீட்டிலெல்லாம் தேத்தண்ணி கொடுப்பார்கள். ஒரு வீட்டில் குடித்துவிட்டு அடுத்த வீட்டில் வேண்டாம் என்று சொன்னால், அந்த வருத்தம் ஆறு மாதத்துக்கு ஆறாது. பத்தாவது வீட்டுக்குப் பிறகு என் ஜெபங்கள் சுருங்கிப் போனதற்குப் பக்திக் குறைவு காரணமில்லை.

இந்த வேலைகளில் எனக்கு மிகவும் பயமான வேலை ஒன்று உண்டு. அது ஓலை வாசிப்பது. பெயர்தான் ஓலை, வாசிப்பது காகிதம். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று கல்யாணத்துக்கு முன்னால் மூன்று தரம் சபை நடுவே அறிவிக்க வேண்டும். மூன்று தேதிகளையும் எழுதிக் கையெழுத்துப் போட்ட சீட்டு இல்லாமல் ஐயர் தாலியைத் தொடமாட்டார்.

பட்டணத்துச் சபைகளில் அந்த நேரத்தில் ஜனங்கள் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருப்பார்கள். எங்கள் கோயிலில் அப்படி இல்லை. கடலுக்கு அந்தப் பக்கம் பாதிக் குடும்பம், இந்தப் பக்கம் பாதிக் குடும்பம் என்று பிரிந்து வந்த ஜனங்கள். எழுபத்து நாலில் ஒரு மாப்பிள்ளைக்கு இரண்டாம் ஓலை வாசித்து முடித்தேன். கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்று, "அந்த ஆளு என் புருசனுங்க. போன வாரந்தான் சிலோன் அட்டனிலிருந்து வந்து சேந்தேன்" என்றாள். அன்றுமுதல் ஓலை வாசித்து முடித்தால் காகிதத்தைவிட்டு நிமிர்ந்து பார்க்கமாட்டேன்.

எழுபத்தேழு ஜூன் மாதம் மூக்கம்மாவின் மகள் ஜெஸிந்தாவுக்குக் கல்யாணம். மூக்கம்மா ஞானஸ்நானம் எடுத்தபோது பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. "எங்கப்பன் வச்ச பேருங்க, ஆண்டவருக்கு இந்தப் பேரு புரியாதா?" என்று கேட்டு ஐயரையே வாயடைத்தவள். மாப்பிள்ளை அருமைநாயகம், கட்டபெட்டுக்காரன். தெப்பக்காட்டு யானை முகாமில் யானைகளுக்கு ராகிக் களி வேகவைக்கும் வேலை. தங்கமான பையன்.

அந்தக் கல்யாணம் ஏற்கெனவே இரண்டு தடவை தள்ளிப் போயிருந்தது. முதல் தடவை ஜெஸிந்தாவின் அப்பா இறந்து போனார். இரண்டாவது தடவை மாப்பிள்ளைக்கு மஞ்சள் காமாலை. அவனுடைய அம்மா மூக்கம்மாவிடம் நேராகவே சொல்லிவிட்டாள்: "மூணாவது வாட்டியும் தடங்கலாச்சுன்னா இது ஆண்டவருக்கே சித்தமில்லைன்னு நான் எடுத்துக்குவேனுங்க. அப்புறம் என்னைத் தப்பா நினைக்கக் கூடாது." கல்யாணத் தேதி ஜூன் முப்பது, வியாழக்கிழமை. பன்னிரண்டாம் தேதியும் பத்தொன்பதாம் தேதியும் ஓலை வாசித்தாயிற்று. மிச்சம் இருந்தது இருபத்தாறாம் தேதி ஞாயிறு மட்டும்.

அந்த ஞாயிறு பெய்த மழையை மழை என்று சொல்லக் கூடாது. கோயில் ரோட்டோரம் இருக்கிறது, லயங்கள் மேட்டில் இருக்கின்றன. எட்டு மணிக்கு முதல் மணி அடித்தேன். எட்டரைக்கு இரண்டாம் மணி. ஒன்பது மணிக்கு வந்து உட்கார்ந்திருந்தது என் மனைவி தங்கபுஷ்பம் ஒருத்திதான். வேறு ஈ காக்கை இல்லை. எனக்கு உள்ளே கோபம் ஏற ஆரம்பித்தது. கொழுந்து பறிக்க இதைவிடப் பெரிய மழையில் போகிறவர்களுக்குக் கோயிலுக்கு வர மட்டும் கால் நனையுமோ? மணிக்கயிற்றைப் பிடித்து இன்னொரு தரம் அடித்தேன், கால்மணி நேரம், கை வலிக்கிற வரைக்கும். அதை ஜெபத்துக்கான அழைப்பு என்று சொல்ல முடியாது. நான் மணியால் ஜனங்களைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

பத்து மணிக்குக் கதவைப் பூட்டினேன்.

"ஏனுங்க, நாம ரெண்டு பேராவது ஜெபம் பண்ணீட்டுப் போலாமுங்க" என்றாள் தங்கபுஷ்பம்.

"யாருக்குப் பண்றது, பெஞ்சுக்கா?" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்தேன். ஓலைக் காகிதம் ஆராதனைப் புத்தகத்துக்குள் அப்படியே இருந்தது. கோபத்தில் அந்த ஞாபகமே எனக்கு வரவில்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்.

திங்கட்கிழமை நான் லயத்துப் பக்கமே போகவில்லை. வராதவர்கள் வீட்டுக்கு நான் ஏன் போக வேண்டும்? சாயங்காலம் மூக்கம்மாவே தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வந்தாள். "ஐயா, நேத்துக் கோயிலுக்கு வர முடியலைங்க" என்று ஆரம்பித்தாள்.

"வராதவங்க கதையெல்லாம் எனக்கு வேண்டாம். எதுக்கு வந்தே, அதைச் சொல்லு" என்றேன்.

அவள் முகம் சுருங்கிவிட்டது. "ஓலைச் சீட்டு எழுதியாச்சுங்களான்னு கேக்க வந்தேன். ஐயரு கேப்பாரில்லைங்களா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "பாத்துக்கலாம், போ" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

உள்ளே வந்து சீட்டை எடுத்து மேஜையில் வைத்தேன். இரண்டு தேதிகள் என் கையெழுத்தில் இருந்தன. மூன்றாவது இடம் காலி. இருபத்தாறு என்று எழுதிவிட்டால் முடிந்தது. யார் கேட்கப் போகிறார்கள்? ஒருவரும் கோயிலுக்கு வராததால், வாசிக்கவில்லை என்று சொல்லவும் ஒருவரும் இல்லை. பேனாவைத் திறந்துவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன், எழுதத்தான் திறந்தேன். அப்போது கடைசி வரிசையில் எழுந்து நின்ற அந்த அட்டன்காரப் பெண்ணின் முகம் நினைவுக்கு வந்தது. ஓலையை உண்மையாகவே வாசித்ததால்தானே அவளால் அத்தனை பேர் நடுவில் எழுந்து நிற்க முடிந்தது? பேனாவை மூடினேன்.

தங்கபுஷ்பம் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "காலைல மொத பஸ்ஸுக்கு ஐயருகிட்டப் போயிட்டு வந்துருங்க" என்றாள். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கூடலூரில் ஐயர் எல்லாவற்றையும் கேட்டார். என்னைவிடப் பத்து வயது இளையவர். "கோபம் வந்தா கதவைப் பூட்டுவீங்களோ?" என்றார். பிறகு ஆராதனை முறைமைப் புத்தகத்தை எடுத்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு பக்கத்தை விரல் வைத்து வாசித்தார். மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் வாசிக்க வேண்டும், அல்லது திருநாட்களில் வாசிக்கலாம் என்று அதில் இருந்தது. காலண்டரைத் திரும்பிப் பார்த்தார். புதன்கிழமை, ஜூன் இருபத்தொன்பது, பேதுரு திருநாள்.

"நாளைக்கு ஆராதனை வையுங்க. முழு ஆராதனை. ஆனா சபை கூடணும், சில்வஸ்டர். நீங்களும் உங்க வீட்டம்மாவும் மட்டும்னா நான் ஏத்துக்கமாட்டேன். சபை வரலைன்னா கல்யாணத்தைத் தள்ளி வைக்கத்தான் வேணும்."

பஸ்ஸில் வழியெல்லாம் எனக்கு ஒரே கவலை. நாளைக்கு வேலை நாள். ஞாயிற்றுக்கிழமை மழைக்கே வராத ஜனம், எட்டு மணி நேரம் கொழுந்து பறித்துவிட்டு, அதே மழையில், எனக்காகவா வருவார்கள்? அதுவும் திங்கட்கிழமை மூக்கம்மாவிடம் நான் பேசிய பேச்சு இதற்குள் எல்லா வீட்டுக்கும் போயிருக்கும்.

பஸ்ஸை விட்டு இறங்கி நேராகக் கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்குப் போனேன். சாயங்காலம் எல்லோரும் ஓரிடத்தில் நிற்பது அங்கேதான். என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. சபை மூப்பர் கருப்புசாமி கூடையை இறக்கி வைத்துவிட்டு முன்னால் வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஐயா, மன்னிச்சுக்கோணும். ஞாயித்துக்கிழமை ஒருத்தருமே வர முடியாமப் போச்சு. விடியக்காலம் மேல் லயத்துக்குப் பின்னால வாய்க்கால் ஒடைஞ்சு, பத்து வீட்டுக்குள்ள சேத்துத் தண்ணி. இடுப்பளவு. மத்த லயத்து ஆளுங்களும் வந்துட்டாங்க. மத்தியானம் வரைக்கும் வாளியில அள்ளிக்கிட்டே இருந்தோம்."

அவர் மேலும் சொன்னார்.

"மனசே விட்டுப் போச்சுங்க ஐயா. அரிசி, துணி எல்லாம் மிதக்குது. அப்பத்தான் கோயில் மணி கேட்டுது. எப்பவும் மாதிரி இல்லாம நின்னு அடிச்சீங்க பாருங்க, கால்மணி நேரம். ஐயாவுக்குச் சேதி எட்டிருச்சு, நமக்காக ஜெபம் பண்றாருன்னு மூக்கம்மா சொல்லுச்சு. அதுக்கப்புறந்தான் எங்களுக்குக் கையில தெம்பே வந்துச்சு."

அந்த இடத்தில் பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன். கொட்டகையில் எல்லோரும் என்னை அன்போடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் உண்மையைச் சொல்லவில்லை. "நாளைக்குச் சாயங்காலம் அஞ்சரைக்கு ஆராதனை. ஜெஸிந்தாவுக்கு மூணாம் ஓலை வாசிக்கோணும். எல்லாரும் வாங்க" என்று மட்டும் சொன்னேன்.

புதன்கிழமையும் மழை விடவில்லை. ஐந்தரைக்கு மணி அடித்துவிட்டு வாசலில் நின்றேன். முதலில் ஒருவரும் இல்லை. பிறகு மேட்டுப் பாதையில் அவர்கள் இறங்கி வந்தார்கள். வீட்டுக்குப் போய்த் துணி மாற்றக்கூட நேரமில்லாமல், இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடு, தலையில் போட்ட பிளாஸ்டிக் ஷீட்டோடு, கால் முட்டி வரைக்கும் சேற்றோடு வந்தார்கள். அன்று காலையில் நான் பெருக்கி வைத்த கோயில் ஐந்து நிமிஷத்தில் வயல் மாதிரி ஆயிற்று. வேறு நாளாக இருந்தால் கத்தியிருப்பேன். அன்றைக்கு அந்தச் சேற்றைப் பார்க்கப் பார்க்க எனக்கு நிம்மதியாக இருந்தது. இடம் போதாமல் ஆண்கள் சுவரோரம் நின்றார்கள்.

வேதபாடம் முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு நேராகச் சொன்னேன். "ஞாயித்துக்கிழமை நான் ஜெபம் பண்ணலை. நீங்க வரலைங்கற கோவத்துலதான் மணி அடிச்சேன். ஓலையையும் வாசிக்காம கதவைப் பூட்டிட்டு வீட்டுக்குப் போயிட்டேன். மூக்கம்மா காரணம் சொல்ல வந்தப்பவும் வாயை அடைச்சுட்டேன். என்னை மன்னிக்கோணும்."

கருப்புசாமி சுவரோரமிருந்து சொன்னார்: "கோவத்துல அடிச்சீங்களோ எதுல அடிச்சீங்களோ, எங்க காதுக்கு நல்லாத்தான் கேட்டுச்சுங்க ஐயா. நேரமாகுது, ஓலையைப் படிங்க."

எல்லோரும் சிரித்தார்கள். மூக்கம்மாவும் சிரித்தாள். அவளுக்குப் பக்கத்தில் ஜெஸிந்தா மட்டும் சிரிக்காமல் என் கையிலிருந்த காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசித்தேன். கட்டபெட்டு அருமைநாயகத்துக்கும் நம் சபை ஜெஸிந்தாவுக்கும் என்று வாசித்து, இது மூன்றாம் ஓலை என்றும் சொல்லி, தடை அறிந்தவர்கள் இப்போது சொல்லலாம் என்று நிறுத்தினேன். வழக்கமாக மனசுக்குள் பத்து எண்ணுவேன். அன்று நிமிர்ந்து பார்த்தேன். அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார்கள். கருப்புசாமிக்கு இழுப்பு உண்டு, மழைக்காலத்தில் இருமல் விடாது. இருமினால் அதுவும் தடங்கலாகிவிடுமோ என்று பயந்து, துண்டைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டு, கண் பிதுங்க நின்றார். எனக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்துவிட்டது. எழுத்து தெரியவில்லை. பத்தும் போயிற்று, இருபதும் போயிற்று.

முன்வரிசையிலிருந்து மூக்கம்மா மெதுவாகச் சொன்னாள்: "ஐயா, ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலைங்க. மேல படிங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே படித்தேன்.