அஞ்சலை தூங்கட்டும்

இன்று காலை கைபேசிச் செயலியில் ஒரு பெண் குரல், "ஷவாசனா... ரிலாக்ஸ்..." என்று கொஞ்சியது. சற்று நேரத்தில் டிங் என்று மணி. எழுந்துகொள்ள வேண்டுமாம். எனக்கு முந்தின நாள் கல்யாணச் சாம்பாரின் வாசனை வந்தது.

நான் யோகா டீச்சராக முதலில் வேலை பார்த்தது உத்திரமேரூர்ப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில். முந்தின நாள் நடந்த கல்யாணத்தின் சாம்பார் வாசனையோடுதான் விடியற்காலை வகுப்பு. இயமம், நியமம் தொடங்கி சமாதி வரை எட்டு அங்கங்களும் எனக்குத் தலைகீழாகத் தெரியும். நாளெல்லாம் குனிந்து நாற்று நடுகிற பெண்களிடம் போய், குனிந்து காலைத் தொடுங்கள், இதற்குப் பாதஹஸ்தாசனம் என்று பெயர் என்றேன்.

"இதுக்கு இன்னாத்துக்கு டீச்சர் பேரு? தெனம் பண்ணிக்கினுதான கீறோம்," என்றாள் கன்னியம்மா. வகுப்பிலேயே பெரிய வாய் அவளுக்குத்தான்.

மூச்சை இழுப்பது பூரகம், நிறுத்துவது கும்பகம், விடுவது ரேசகம். கும்பகத்தில் பேச முடியாது என்பதால் கும்பகத்தை யாரும் செய்யவில்லை. தியானத்தைக் கேட்கவே வேண்டாம். கண்ணை மூடச் சொன்னால் மூடிக்கொண்டு பேசினார்கள்.

சவாசனம் என்றதும் சண்டையே வந்துவிட்டது. "கல்யாணம் நடக்கிற எடத்துல பொணமாட்டம் படுக்கச் சொல்றியே, நல்லா கீதா?" சரியென்று ஓய்வு ஆசனம் என்று மாற்றினேன். படுத்தார்கள். ஆனால் இரண்டு கால் கட்டைவிரலும் ஒட்டிவிடாமல் அகட்டி வைத்துக்கொண்டார்கள். செத்தவர்களுக்குத்தானே இரண்டையும் சேர்த்துக் கட்டுவது! ஆசன விதியும் காலை அகட்டு என்றுதான் சொல்கிறது. நான் சொல்லிக்கொடுத்ததில் அவர்கள் பிழையில்லாமல் செய்தது அது ஒன்றுதான். பெருமையை நான் எடுத்துக்கொண்டேன்.

அஞ்சலை மட்டும் படுக்க மாட்டாள். புருஷன் போய்ச் சில மாதம்தான் ஆகியிருந்தது. "கண்ண மூடுனா அவுரு காலுதான் டீச்சர் தெரியுது. கட்டி வெச்ச காலு." அன்றிலிருந்து தூக்கமில்லை. வரப்பில் ஒருமுறை மயங்கி விழுந்திருக்கிறாள். தூக்கம் வருமென்று யாரோ சொல்லித்தான் வகுப்புக்கே வந்தாள். நான் யோக நித்திரையை விளக்கினேன். தூங்காமலே ஓய்வெடுப்பது என்றேன்.

"தூங்காமத்தான டீச்சர் கீறேன்," என்றாள். படித்ததெல்லாம் எதற்கு என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஒருநாள் எல்லோரும் படுத்திருக்கும்போது அவளும் மெல்லச் சரிந்தாள். ஒருக்களித்து, முழங்காலை மடக்கி, கையைத் தலைக்கு வைத்துக்கொண்டு. எந்த நூலிலும் இல்லாத ஆசனம். கொஞ்ச நேரத்தில் குறட்டை வந்தது. சவாசனத்தில் தூங்கக் கூடாது. மணியடித்து எழுப்ப வேண்டும். மணியை எடுத்தேன். கன்னியம்மா எழுந்து வந்து மணியோடு சேர்த்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அடிச்சே, அவ்ளோதான்," என்றாள் காதுக்குள்.

வகுப்பு முடிந்ததும் அவர்கள் நூறு நாள் வேலைக்குப் போய் வருகைப் போட்டோவுக்கு நிற்க வேண்டும். போட்டோவில் இல்லாவிட்டால் அன்றைய வேலை போச்சு. மண்டபத்துக்கு ஒரே இரும்புக் கதவு; தொட்டாலே ஊரைக் கூட்டும். எல்லோரும் கதவைப் பார்த்தார்கள், அஞ்சலையைப் பார்த்தார்கள். பிறகு சம்மணம் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்கள். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. கன்னியம்மாகூட. நானும் உட்கார்ந்தேன். ஜன்னல் வழியாக வெயில் வந்து எங்கள் மடியில் விழுந்தது.

வெகுநேரம் கழித்து அஞ்சலை வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பதறிப்போனாள்.

"அய்யய்யோ, போட்டோ? ஏண்டி யாரும் போவல?"

"இந்த டீச்சர் தியானம் தியானம்னு வுடவே இல்லடி, பேஜார்," என்றாள் கன்னியம்மா.

வகுப்பு அந்த வருடத்தோடு நின்றுபோனது. மண்டபத்தை இடித்துவிட்டார்கள். கன்னியம்மா மகனோடு ஒரகடம் பக்கம் போய்விட்டாளாம். அஞ்சலையைப் பற்றித் தெரியவில்லை. செயலியின் மணி மட்டும் ஒரு நாளும் தவறுவதில்லை. பிடித்து நிறுத்த அதற்குக் கையும் இல்லை, கன்னியம்மாவும் இல்லை.