லூர்துமேரி மதிப்புச் சொன்ன எகிப்து மாலை

விழுப்புரத்தில் லூர்துமேரியிடம் நகை காட்ட வருகிறவர்களுக்கு ஒரே கேள்விதான்: பவுனா, இல்லையா? இல்லை என்றால் முகம் சுண்டிவிடும். "பவுனு இல்ல, ஆனா நல்ல வெலை போகும்" என்று அவள் வாயெடுப்பதற்குள் முந்தானையில் முடிந்துகொண்டு கிளம்பிவிடுவார்கள். சுவரில் முட்டிக்கொள்ளலாமா என்று வரும் அவளுக்கு.

கப்பலேறிப் போய்ச் சைகோனில் ஒரு பிரெஞ்சுத் துரைசாணி வீட்டில் வெகுகாலம் ஆயாவாக இருந்தவள் அவள். துரைசாணிக்குப் போலி நகைப் பைத்தியம். எகிப்தில் பழைய ராஜா ஒருவரின் கல்லறையைத் திறந்தார்களாம்; அதற்குப் பிறகு பாம்பு, கழுகுச் சிறகு, வண்டு என்று அந்த நாட்டுச் சின்னங்களைப் பித்தளையிலும் கண்ணாடியிலும் செய்து ஐரோப்பாக்காரர்கள் குவித்துவிட்டார்கள். கையில் பணம் வற்றியதும் துரைசாணி அவற்றை ஒவ்வொன்றாக விற்றாள். கடைகடையாகக் கொண்டுபோய் விற்றுக் கொடுத்தவள் லூர்துமேரி. எது பழசு, எது பழசு போல் வேஷம் கட்டியது என்று கற்றுக்கொண்டது அப்படித்தான். ஊர் திரும்பிய பிறகு, புதுச்சேரியில் இத்தகைய சாமான்களைத் தேடி வாங்குகிற சிலர் அவள் சொன்ன விலையை நம்பினார்கள். விழுப்புரம்தான் நம்பவில்லை.

ஐம்பத்தெட்டாம் வருஷம் ஆவணியில் பக்கத்து வீட்டு முனியம்மாள் அழுதுகொண்டு வந்தாள். அவள் மகள் அம்சாவைத் திண்டிவனத்தில் மல்லாட்டைக் கடலை மண்டிக்காரர் வீட்டில் கொடுத்திருந்தது. மாமியார் லட்சுமியம்மாள் கல்யாணத்தன்று போட்ட பழைய மாலை, திருவிழா வியர்வையில் அம்சாவின் கழுத்தைப் பச்சையாக்கிவிட்டது. ஆசாரி உரைகல்லில் தேய்த்துப் பார்த்துப் பித்தளை என்றார். பவுன் மாலையைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் பித்தளையை மாற்றிவைத்துவிட்டாள் மருமகள் என்று மாமியார் முடிவு கட்டிவிட்டாள். அசல் வராவிட்டால் பெண்ணை அழைத்துப் போகலாமாம்.

லூர்துமேரி ரயிலேறித் திண்டிவனம் போனாள். லட்சுமியம்மாள் மாலையைத் தாம்பாளத்தில் கொண்டுவந்து வைத்தாள். பளபளவென்று மின்னியது. லூர்துமேரி அதை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள்.

"இன்னா பண்ணீங்க இத?"

"புளி போட்டு வெளக்கனேன். வெளியாளு பாக்க வர்றாங்க, பச்சையும் பாசியுமாவா குடுக்கறது?"

முப்பது வருஷப் பழுப்பு போயிற்று. மேலே இருந்த மெல்லிய பொன்முலாம் போயிற்று. கழுகுச் சிறகின் நீலப் பூச்சு பொருக்குப் பொருக்காக உதிர்ந்திருந்தது. நேற்று வரை புதுச்சேரியில் நூறு ரூபாய் பெற்றிருக்கும். இனி யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

"குத்துவெளக்கு தேய்க்கற மாதிரி தேய்ச்சிருக்கீங்களே, தாயே!"

"இவ மாத்திவச்ச பித்தளைதானே, தேய்ச்சா இன்னா?" லட்சுமியம்மாள் கதவோரம் நின்ற அம்சாவை முறைத்தாள்.

லூர்துமேரி பல்லைக் கடித்துக்கொண்டு மாலையைத் திருப்பினாள். கொக்கியின் அடியில் ஐரோப்பாவில் உள்ள செக் நாட்டின் பெயர் பொடி எழுத்தில் அடித்திருந்தது. மாலை நடுவில் பதித்திருந்த பச்சை வண்டைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்; உடனே சூடேறிவிட்டது. கல் இல்லை, கண்ணாடி.

"இந்த வண்டு வார்க்கற அச்சு சீமையிலதான் இருக்குது. திண்டிவனத்துல எந்த ஆசாரி இத மாத்தி செஞ்சி குடுப்பான்?"

"வண்டா? கரப்பான்பூச்சின்னு இல்ல நெனச்சேன். காசு குடுத்தா எவனும் செய்வான். எங்க வூட்டுக்காரரு சைகோன்ல வாங்கியாந்தது. பவுனுன்னு அவரு வாயால சொன்னாரு. செத்துப்போன மனுசன் பொய்யா சொன்னாரு?"

அந்த மனுஷர் ஏமாந்தாரோ, ஏமாற்றினாரோ, யார் கண்டது? புருஷன் பேர் கெடாமலிருக்க மருமகளைத் திருடியாக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். லூர்துமேரி மறுபடி மாலையை ஒவ்வொரு மணியாகத் தடவிக்கொண்டு போனாள். பிடரியில் படுகிற இடத்தில் ஒரு கண்ணாடி மணிக்குப் பதில் கருகமணி. இரண்டு பக்கமும் நூல் முடிச்சு.

"இத யாரு கட்னது?"

"நாந்தான். எம் மவன் பாண்டுரங்கன் கைக்கொழந்தையா இருக்கச்சொல்ல இழுத்து அறுத்துட்டான். எங்க அம்மா சொல்லிக்குடுத்த முடிச்சி, வேற எவளுக்கும் வராது." சொல்லிவிட்டு லட்சுமியம்மாள் மாலையை வெடுக்கென்று வாங்கிக் கண்ணருகில் பிடித்தாள். கோபத்தில் தேய்த்தபோது முடிச்சு அவள் கண்ணில் படவேயில்லை. "அப்ப இவ மாத்தலயே!"

"அதத்தானே இவ்ளோ நேரமா சொல்லிக்கினு இருக்கேன். அதே சாமான்."

"அதே சாமான்னா அவரு வாங்கியாந்தது." லட்சுமியம்மாளின் முகம் மலர்ந்தது. "அவரு வாங்கியாந்ததுன்னா பவுனுதான்! அந்த ஆசாரியோட கல்லுதான் கெட்டுப்போச்சி."

லூர்துமேரிக்கு ரத்தம் தலைக்கேறியது. "அம்மா, நான் சொல்றத..." என்று எழுந்தேவிட்டாள். மாமியாரின் முதுகுக்குப் பின்னால் அம்சா இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டு நின்றாள்.

"இன்னா சொல்றீங்க, லூர்தம்மா?"

"ஒண்ணுமில்ல."

"ஏ அம்சா, இங்க வாடி, கழுத்தக் காட்டு." மாலை மறுபடி ஏறியது. "பாருங்க, எப்படி இருக்குது?"

"ஒங்க மருமவ லட்சணமா இருக்குறா" என்றாள் லூர்துமேரி. மாலையைப் பற்றி மூச்சு விடவில்லை. பித்தளை என்று சொல்ல வேண்டிய இடத்தில் அவள் வாயை மூடிக்கொண்டது அதுவே முதல் தடவை.

சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். உட்கார்ந்தால் வாய் சும்மா இருக்காது. ரயிலுக்கு நேரமாச்சு என்று செருப்பை மாட்டிக்கொண்டு விடுவிடுவென்று தெருவில் இறங்கினாள்.