கழுத்துவரை வந்த மயில்

காஞ்சனா பேசுவது குறைவு. பெண் பார்க்க வந்தவர்கள் கேட்டதற்கெல்லாம் அக்கா மணியம்மைதான் பதில் சொன்னாள். "பொண்ணு புடிச்சிருக்குது, ஆனா எந்தப் பொண்ணுன்னுதான் கொழப்பம்" என்று அவர்கள் சொல்லிவிட்டுப் போனதாக, அக்காள் கணவர் துரைக்கண்ணு இன்றைக்கும் கதை கட்டுவார்.

திருத்தணி மலையடியில் ஒரு மாடி அறையில் இருந்துகொண்டு சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு அவள் வேலை செய்துவந்தாள். விசைத்தறிக்குப் பெட்டி செய்யும் சின்னக் கம்பெனி அது. சேலையில் பூவோ மயிலோ விழ, எந்த இழை எப்போது மேலே எழும்ப வேண்டும் என்பதைத் தறியின் தலையில் தொங்கும் துளையிட்ட அட்டைகள் சொல்லும். அட்டைக்குப் பதிலாக அதைச் சொல்வது இந்தப் பெட்டி. அதற்குள் உள்ளங்கையளவு கணினி ஒன்று உண்டு. அதை இயக்கும் மென்பொருள் லினக்ஸ், அதன் அடிப்படைப் பகுதி கெர்னல். அந்தக் கெர்னலைப் பெட்டிக்குப் பொருந்தக் கட்டித் தருவது காஞ்சனாவின் வேலை.

பள்ளிப்பட்டில் துரைக்கண்ணுவுக்கு ஆறு தறி. ஒன்றில் பெட்டி வைத்துப் பார்க்கச் சம்மதித்ததே கொழுந்தியாள் சொன்னாள் என்பதற்காகத்தான். அவளே பேருந்தில் பெட்டியை மடியில் வைத்துக் கொண்டுபோய் மாட்டினாள். மாட்டிய பிறகும் மடிக்கணினியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"இன்னாம்மா பண்ணிகினு இருக்க, இவ்ளோ நேரமா?" என்று கேட்டார் துரைக்கண்ணு.

"கெர்னல்ல ஆயிரக்கணக்கான சாமானுக்கு டிரைவர் இருக்குது பாவா, அந்தந்தச் சாமான வேலை வாங்கற புரோகிராம். எது வேணும், எது வேணாம்னு சொல்லித்தான் கட்டணும். சொல்லலைன்னா டிஃபால்ட்ல இன்னா இருக்குதோ அதான் வரும்."

துரைக்கண்ணு யோசித்தார். "கல்யாண சமையல்காரன் மாதிரின்னு சொல்லு. ஒண்ணும் சொல்லலைன்னா அவனா சாம்பார், ரசம், மோர்னு எறக்கிடுவான். வத்தக்குழம்பு வேணும்னா வாயத் தொறந்து கேக்கணும். நீ எங்க கேக்கப்போற?"

காஞ்சனா சிரித்துக்கொண்டே வேலையைத் தொடர்ந்தாள். அன்று அவள் தனியாகச் சேர்த்த வத்தக்குழம்பு ஒரு மெமரி சிப்பின் டிரைவர்.

அந்தச் சிப் பெட்டிக்குள் முதலிலிருந்தே இருந்தது. சேலை எதுவரை நெய்யப்பட்டிருக்கிறது என்பதைக் குறித்துக்கொள்வது அதன் வேலை. மின்சாரம் எத்தனை நாள் இல்லாவிட்டாலும் அது மறக்காது. ஆனால் கம்பெனியின் டிஃபால்ட் கோப்பில் அதன் டிரைவருக்கு நேரே 'வேண்டாம்' என்றே இருந்தது. சிப் இல்லாத பழைய பெட்டியின் கோப்பை யாரோ அப்படியே நகலெடுத்ததால் வந்த குறை. டிரைவர் இல்லாவிட்டாலும் பெட்டி நின்றுவிடாது. கணக்கைத் தற்காலிக நினைவில் வைத்துக்கொள்ளும், பெட்டியின் பேட்டரி இருக்கும்வரை அதுவும் அழியாது. மின்வெட்டு வந்துபோகும், பேட்டரி தாங்கும், குறை வெளியே தெரியாது.

காஞ்சனாவுக்குத் தெரிந்ததற்குக் காரணம் அவள் அக்காள் வீட்டு வழக்கம். ஆடிக் கிருத்திகைக்கு மலைக்குப் புறப்படும் முன் தறிகளைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்து, கொட்டகையின் மெயினை அணைத்துவிடுவார்கள். மூன்று நாள் தெப்பமும் முடிந்து திரும்பிய பிறகுதான் போடுவார்கள். துரைக்கண்ணுவின் அப்பா காலத்தில், வீடே காவடி எடுத்துப் போயிருந்த சமயம் வயர் பற்றிக்கொண்டு நூலெல்லாம் எரிந்ததிலிருந்து வந்த பழக்கம் அது.

பாவாவின் பெட்டியைச் சரிசெய்த கையோடு, டிஃபால்ட்டையும் திருத்திவிடலாம் என்று காஞ்சனா கம்பெனிக்கு ஒரு வரித் திருத்தம் அனுப்பினாள். கெர்னல் வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் ஹேமநாதன் ஆங்கிலத்தில் கேட்டிருந்தார்: 'இது எதற்கு? பேட்டரிதான் அரைநாள் தாங்குகிறதே. அதற்கு மேல் மெயினை அணைத்துவைப்பவர்கள் யார்? தேவை தெரியாமல் டிஃபால்ட்டில் எதையும் ஏற்ற வேண்டாம்.'

கேட்டதில் தப்பில்லை. திருத்தம் அனுப்புகிறவர்தான் காரணம் சொல்ல வேண்டும். காஞ்சனாவும் எழுதத் தொடங்கினாள். சந்தனம், காவடி, தெப்பம். தமிழில் நினைத்தபோது இயல்பாக இருந்தது, ஆங்கிலத்தில் படித்துப் பார்த்தபோது பட்டிக்காட்டுச் சமாதானம்போல் அவளுக்கே கூச்சமாக இருந்தது. எல்லாவற்றையும் அழித்தாள். 'சரி சார்' என்று மட்டும் எழுதிவிட்டுத் திருத்தத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டாள். பாவாவின் பெட்டி சரியாக இருக்கிறது, அது போதும் என்று நினைத்தாள்.

அந்த வருடம் மணியம்மையின் மகள் மோனிஷா ஸ்கூட்டரிலிருந்து விழுந்து கால் எலும்பை முறித்துக்கொண்டாள். பிள்ளை நடந்தால் எங்கள் தறியில் நெய்த பட்டுச் சேலையை ஆவணிக் கிருத்திகை அன்று வள்ளியம்மனுக்குச் சாத்துகிறேன் என்று மணியம்மை வேண்டிக்கொண்டாள். ஆடி பிறக்கும்போது மோனிஷா நடந்தாள். துரைக்கண்ணு பெட்டி வைத்த தறியில் சேலைக்கான பாவு நூலை ஏற்றினார். பச்சை உடல், அரக்கு முந்தானை, முந்தானை நிறைய ஒரே மயில். உடல் முடிந்து, மயில் கழுத்துவரை வந்திருந்தபோது ஆடிக் கிருத்திகை வந்துவிட்டது. தலையைத் திரும்பி வந்து நெய்துகொள்ளலாம் என்று மெயினை அணைத்துவிட்டுக் கிளம்பினார்கள்.

தெப்பம் மூன்று நாளும் காஞ்சனாவின் அறையில்தான் தங்கினார்கள். மோனிஷா படியேறியே மலைக்குப் போனாள். துரைக்கண்ணு மொட்டையடித்துக்கொண்டார். "இனிமே உங்கக்கா என் முடியப் புடிச்சி இழுக்க முடியாது" என்றார்.

"காது இருக்குதே" என்றாள் மணியம்மை.

அவர்கள் ஊர் திரும்பிய அன்று மத்தியானம் பாவாவிடமிருந்து போன் வந்தது.

"காஞ்சனாம்மா, ஒரு நடை வந்துட்டுப் போ. மயிலு மேல மயிலு நிக்குது."

கொட்டகைக்குள் அவள் நுழைந்தபோது தறி நின்றிருந்தது. மணியம்மை குனிந்து துணியின் அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல பக்கம் கீழே இருக்கும்படி நெய்வதால் துரைக்கண்ணுவின் கண்ணில் உடனே படவில்லை. தறி போகிற வேகத்தில் ஒரு முழம் துணி ஓடிவிட்டது. கழுத்துவரை வந்த மயிலின் கழுத்துக்கு மேல் தலை இல்லை. அங்கே இரண்டு கால்கள் முளைத்திருந்தன. அவற்றின் மேல் இன்னொரு மயிலின் வயிறு.

மடிக்கணினியைப் பெட்டியில் செருகிப் பார்க்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. பண்டிகைக்கு முந்தின வாரம் எல்லாப் பெட்டிகளுக்கும் கம்பெனி புதிய அப்டேட் அனுப்பியிருந்தது. டிஃபால்ட் கோப்பிலிருந்து கட்டியது. அவள் தன் கையால் கட்டிவைத்த கெர்னலை அது துடைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டது. மூன்று நாளில் பேட்டரி தீர்ந்தது, கணக்கு அழிந்தது, மெயினைப் போட்டதும் பெட்டி மயிலை முதலிலிருந்து தொடங்கியது. அப்டேட் பற்றிய மின்னஞ்சலைக் காஞ்சனாவும் படித்தவள்தான். நன்றி என்று பதில்கூடப் போட்டிருந்தாள்.

"பிரிச்சி நெய்ய முடியாதா?" என்று கேட்டாள் மணியம்மை.

"பட்டுடி. பிரிச்சா தடம் நிக்கும். சாமிக்குக் கட்டறது" என்றார் துரைக்கண்ணு.

மணியம்மை தங்கையின் பக்கம் திரும்பினாள். "கிருத்திகைக்கு நாம மெயின அணைக்கறது உங்க கம்பெனிக்காரங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"நீ சொல்லலையா?"

காஞ்சனா பெட்டியின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். "கேட்டாங்க" என்றாள். "நான்தான் சொல்லலை."

மணியம்மை கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் துணியிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். "அங்க உனக்காகப் பேசறதுக்கு நான் இல்லாமப் போயிட்டேன்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

அறைக்குத் திரும்பியதும் அதே ஒரு வரித் திருத்தத்தைக் காஞ்சனா மறுபடி அனுப்பினாள். இந்த முறை கீழே காரணத்தை எழுதினாள். நெசவுக் குடும்பங்கள் பண்டிகைக்குப் போகும்போது கொட்டகையின் மெயினை நாள்கணக்கில் அணைத்துவைப்பது உண்டு, ஏன் அப்படி, அப்போது பெட்டிக்குள் என்ன நடக்கிறது, ஒரு சேலைக்கு என்ன நடந்தது, எல்லாம். எழுதி முடித்துப் படித்தபோது கூச்சம் எதுவும் வரவில்லை. அதுதான் அவளை மேலும் வதைத்தது.

ஹேமநாதனின் பதில் சீக்கிரமே வந்தது. 'நல்ல காரணம். சேர்த்தாயிற்று. முதல் தடவையே இதை எழுதியிருந்தால் அன்றைக்கே சேர்த்திருப்பேனே.'

'வேண்டாம்' இருந்த இடத்தில் 'வேண்டும்' வந்தது. அடுத்த அப்டேட் தறி ஓடும் ஊர்களுக்கெல்லாம் போனது. பள்ளிப்பட்டுப் பெட்டி மட்டும் அதை வாங்கிக்கொள்ளவில்லை. துரைக்கண்ணு அதைக் கழற்றித் துணியில் சுற்றிப் பரண்மேல் வைத்துவிட்டு, பழைய அட்டைகளை மாட்டியிருந்தார்.

"சரி பண்ணிட்டேன் பாவா. இனிமே மறக்காது" என்று அவள் போனில் சொன்னாள்.

"பண்ணியிருப்பம்மா. உம்மேல கோவமெல்லாம் இல்ல. அட்டைன்னா எங்க நின்னுகினு இருக்குதுன்னு நானே அண்ணாந்து பாத்துக்குவேன். இது உள்ளார இன்னா நெனைச்சிகினு இருக்குதுன்னு தெரியல." பிறகு, "உன்ன மாதிரியேதான்" என்று சிரித்தார். அவளால் சேர்ந்து சிரிக்க முடியவில்லை.

புதுப் பட்டு வாங்கிச் சாயம் போட்டு, பாவு ஏற்றி, மயிலுக்கு அட்டை வெட்டி நெய்ய நாள் போதவில்லை. சாமிக்குச் சொன்ன நாளைத் தள்ளவும் மணியம்மைக்கு மனமில்லை. ஆவணிக் கிருத்திகை அன்று காலையில் அக்காளும் தங்கையும் திருத்தணிக் கடைவீதியில் ஒரு சேலைக்கடைக்குப் போனார்கள். கடைக்காரர் துரைக்கண்ணுவைத் தெரிந்தவர்.

"இன்னாக்கா, நெய்யறவங்களே எங்க கடைக்கு வந்துகினு இருக்கீங்க?"

இந்தக் கேள்விக்குத் தான்தான் பதில் சொல்ல வேண்டும் என்று காஞ்சனாவுக்குத் தோன்றியது. வாயைத் திறந்தாள்.

"தறி ரிப்பேருப்பா" என்றாள் மணியம்மை. கடைக்காரர் விரித்த பச்சைச் சேலையின் முந்தானையைக் கையில் எடுத்து, பழக்கத்தில் அதைப் புரட்டி அடிப்பக்கத்தைப் பார்த்தாள்.