ஸ்கூட்டருக்கு முன்னால் ஒரு பூப்பாத்தி

மகளின் ஸ்கூட்டர் கராஜிலிருந்து திருத்தி வந்த அன்றுதான் எனக்குத் தோட்டம் போடும் எண்ணம் வந்தது. இரண்டுக்கும் தொடர்பில்லை என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். யாரும் அதிகம் கேட்கவில்லை.

இத்தாலியில், ஒரேத்தோ என்ற பகுதியில், நாங்கள் இருப்பது தரைத்தள வீடு. பின்னால் ஒரு முற்றம். மூன்று பக்கமும் மாடி வீடுகளும் கொடிகளில் காயும் உடுப்புகளும். நான்காவது பக்கத்தில் தெருவுக்குத் திறக்கும் இரும்புக் கதவு. கதவுக்கு நேர் எதிர் மூலையில் தகரக் கூரை ஒன்று, அதன் கீழ்தான் ஸ்கூட்டர் நிற்கும். கூரைக்கும் கதவுக்கும் நடுவே யாரோ எப்போதோ சிமெந்தை உடைத்து மண் கொட்டிய துண்டு நிலம் ஒன்று இருந்தது. நாலு பாய் விரிக்கலாம். புல்லும் சிகரெட் கட்டைகளும்தான் அதில் கிடந்தன. மகள் காலையில் அந்த மண்ணுக்கு மேலாலேயே ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குப் போவாள்.

செப்டெம்பர் கடைசியில் ஒரு சந்தியில், நிற்க வேண்டிய கார் நிற்கவில்லை. அவளுடைய வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. நான் அப்போது நகரத்தின் இன்னொரு பகுதியான பொலிதேயாமாவில், வேலை செய்யும் வீட்டில், யன்னல் துடைத்துக்கொண்டிருந்தேன். போனில் ஒரு புதுக் குரல், "நீங்கள் அப்பாவா?" என்று கேட்டது. வேறெதுவும் சொல்லாமல் அதை மட்டும் முதலில் கேட்டது. ஷெல் விழுந்த நாட்களில் பதுங்கு குழிக்குள் இருந்து பாடம் படித்தவன் நான். பயம் எனக்குப் பழகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். அந்தக் கேள்விக்குப் பிறகு போன் அடித்தால் கையிலிருப்பதைக் கீழே வைக்கக்கூடத் தெரியாமல் நிற்கிறேன்.

காலுக்குள் கம்பி வைத்து அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு மாதம் கழித்து ஸ்கூட்டரும் வந்தது, புது முன்விளக்கோடு. கட்டிலில் இருந்தபடி யன்னலால் அதைப் பார்த்தாள். "கால் சரிவந்ததும் எடுப்பன்" என்றாள். வெளியே போய்ப் புல்லைப் பிடுங்கத் தொடங்கினேன்.

என் வேலை வீட்டு அம்மாவின், சிஞோராவின், மொட்டை மாடியில் பெரிய பூந்தொட்டிகள் உண்டு. இலையுதிர் காலத்தில் பூக்கிழங்குகள் வாங்குவார். இந்த முறை மிஞ்சிய கிழங்குகளைக் கடதாசிப் பையில் போட்டு என்னிடம் தந்தார். கூடவே நல்லாய் வளர்ந்த ஒரு சால்வியாவும், லாவண்டர் சில கன்றுகளும். இரண்டும் வருடக்கணக்கில் நின்று வளரும் செடிகள். "கிழங்கை மண்ணில் போட்டுவிட்டு மறந்துவிடு" என்றார். மறக்கிற வேலை எனக்கு வராது.

அந்தச் செடிகளைக் கூரைக்கு முன்னால் குறுக்கே ஒரே வரிசையாய் நட்டேன். நடுவில் சால்வியா. ஒரு வருடத்தில் இடுப்பளவு வந்து தண்டு கட்டையாகிவிடும் என்று சிஞோரா சொல்லியிருந்தார். மனைவி உடுப்புக் காயப்போட வந்தவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இஞ்சேருங்கோ, இப்பிடி வைச்சால் ஸ்கூட்டர் எப்பிடி வெளியிலை வரும்?"

"இப்ப ஆர் எடுக்கப்போகினம்? பிறகு பாப்பம்."

அவள் உடுப்பை உதறிக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மீதி இடம் முழுக்கக் கிழங்குகள். அவற்றைக் கையில் எடுத்தபோது வெங்காயம்போலத்தான் இருந்தன. எங்கள் கோண்டாவில் பக்கத்தில் வெங்காயம் நடுகிறவர்களுக்கு ஆழம் யோசிக்கத் தேவையில்லை. பெருவிரலால் அழுத்தி, கழுத்து வெளியே தெரியும்படி நெருக்கமாய் வைத்து, ஒன்றுவிட்ட நாள் தண்ணீர் விட வேண்டும். ஆழமாய்ப் போனால் அழுகிவிடும். நான் ஊரில் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவன். போனில் ஒரு தரம் தேடிப் பார்த்திருக்கலாம். என் கை தேடவிடவில்லை, அது தன்பாட்டில் நட்டுக்கொண்டு போனது. மாலையில் பார்த்தபோது அச்சு அசல் கோண்டாவில் வெங்காயப் பாத்தி. எனக்குத் திருப்தியாயிருந்தது. ஒன்றுவிட்ட நாள் தண்ணீரும் விட்டேன்.

டிசெம்பர் தொடக்கத்தில் ஒரு நாள், இரண்டாம் மாடியில் இருக்கும் பழைய பஸ் சாரதி பல்கனியால் எட்டிப் பார்த்து இத்தாலியனில் கத்தினார். "எப்போ பிடுங்குகிறாய்? எனக்கும் ரெண்டு கிலோ எடுத்து வை, சோஸ் வைக்க வேண்டும்!"

"இது பூ!" என்று நானும் கத்தினேன்.

"பூவா? எங்கள் ஊரில் இதைத் தக்காளியோடு வதக்குவோம்!"

வீட்டுக்குள் ஒரு சத்தம் கேட்டது. மகள் சிரித்தாள். விபத்துக்குப் பிறகு அவள் சிரித்ததை நான் கேட்டதில்லை. இரண்டு ஊன்றுகோலையும் எடுத்துக்கொண்டு, அதுவரை தாண்டாத பின்கதவைத் தாண்டி முற்றத்துக்கே வந்துவிட்டாள்.

"மடோன்னா! அப்பா, என்ன செய்து வைச்சிருக்கிறியள்? எல்லாம் தலையை நீட்டிக்கொண்டு நிக்குது!"

"நல்லாத்தானே நிக்குது. பார், பச்சையும் வந்திருக்கு."

"இது வெங்காயமில்லை. கிழங்கின்ரை உயரத்தைப்போலை மூண்டு மடங்கு கீழை போகவேணும். வெயில் வந்தால் அவிஞ்சு போகும். இந்த நார்சீசோக் கிழங்கு நஞ்சு வேறை. அந்த மனுசன் உண்மையாப் பிடுங்கி வதக்கப் போறார்."

பின்கதவுப் படியில் இருந்துகொண்டு, கட்டுப் போட்ட காலை நீட்டியபடி அவள் விளக்கினாள். நான் படிப்பித்த நாட்களில் இப்படிப் பேசியிருப்பேனா தெரியவில்லை. "கிழங்குகள் முந்தி வரும். பூத்துப்போட்டுப் படுத்திடும். பிறகு இலை மஞ்சளாகி வடிவில்லாமல் கிடக்கும், ஆனா வெட்டப்படாது, அந்த இலையாலைதான் கிழங்கு வாற வருசத்துக்குச் சாப்பாடு சேக்கும். அந்த நேரம் லாவண்டரும் சால்வியாவும் வளந்து அதை மறைச்சிடும். அதுக்குத்தான் ரெண்டையும் கலக்கிறது. நீங்கள் செடியை ஒரு மதிலாட்டம் வைச்சிருக்கிறியள், கிழங்கை ஒரு வெங்காயத் தோட்டமா வைச்சிருக்கிறியள். கலக்கவேயில்லை."

மதில் என்று சொல்லும்போது என்னை நேராகப் பார்த்தாள். நான் மண்வெட்டியை எடுத்தேன். "நீங்கள் வேண்டாம். வேலைக்குப் போங்கோ. பக்கத்திலை நிண்டு மூச்சுவிட்டால் எனக்குக் கை ஓடாது" என்றாள்.

மாலையில் திரும்பியபோது மண் மட்டமாய் இருந்தது. ஒரு கிழங்கும் வெளியே தெரியவில்லை. லாவண்டர்களைப் பாத்தியின் ஓரங்களுக்கு மாற்றியிருந்தார்கள். கூரைக்கு நேர் முன்னால் சால்வியா மட்டும் நான் வைத்த இடத்திலேயே நின்றது. மகளின் நகங்களுக்குள் மண். மனைவியின் நகங்களுக்குள்ளும்.

"எங்கை எங்கை என்ன வைச்சனீ?"

"வரேக்கை தெரியும். கிண்டாதேங்கோ."

எனக்குக் கிண்டாமல் இருக்க முடியவில்லை. வீட்டுக்குள் இருந்தால் காதெல்லாம் தெருவில் இருந்தது. இந்த நகரத்தில் ஸ்கூட்டர் சத்தம் ஓய்கிற நேரம் என்று ஒன்று கிடையாது. ஒவ்வொன்றும் சந்தியில் வேகம் குறைக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். கை சும்மா இருக்காது. முற்றத்துக்குப் போவேன், வருவேன்.

ஜனவரியில், புட்டுக் குழலிலிருந்து புட்டைத் தள்ளும் தடியை எடுத்துக்கொண்டு போய், பாத்தியின் நடுவில் மெதுவாய்க் குத்திப் பார்த்தேன். ஒன்றும் தட்டுப்படவில்லை. ஒரு அடி தள்ளிக் குத்தினேன். அங்கேயும் வெறும் மண். கூரைப் பக்கத்திலிருந்து கதவுப் பக்கம் வரை குத்திக்கொண்டே போனேன், ஒரு கிழங்கும் இல்லை. எல்லாம் அழுகிப்போய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டேன். நெஞ்சு அடித்த அடியைப் பார்த்தால் யாரும் கிழங்குக்காக என்று நம்பமாட்டார்கள்.

"என்ன, தடியைக் காணேல்லை எண்டு குசினி முழுக்கத் தேடுறன், இஞ்சை மண்ணுக்கை விட்டுக்கொண்டு நிக்கிறியள்!" மனைவி வாசலில் நின்றாள்.

"எல்லாம் அழுகிப்போச்சு. ஒண்டும் இல்லை."

"அழுகேல்லை."

"உமக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரியும். தடியைத் தாங்கோ. வேண்டாம், அதிலை இனி ஆர் புட்டுத் தின்னுறது, நீங்களே வைச்சிருங்கோ."

மகள் ஒரு ஊன்றுகோலுக்கு வந்தாள். பிறகு அதையும் விட்டாள். பஸ்ஸில் வகுப்புக்குப் போகத் தொடங்கினாள். முதல் நாட்களில் நானும் கூடப் போனேன். "அப்பா, எனக்கு இருபது வயசு. நீங்கள் பக்கத்திலை நிண்டு பஸ்ஸிலை ஏறுற எல்லாரையும் முறைக்கிறியள். பாஸ்தா, போதும், இனி வரவேண்டாம்" என்றாள். பிறகு நிறுத்தத்தில் மட்டும் நின்றேன். பிறகு நிறுத்தம் தெரிகிற மூலையில்.

பெப்ரவரியில் சுவர்ப் பக்கம் பச்சை முனைகள் மண்ணைக் கிழித்துக்கொண்டு வந்தன. சில நாள் கழித்து மறுபக்கமும். நடுவில் மட்டும் ஒன்றுமில்லை. நான் சொன்னது சரி, நடுவில் வைத்ததெல்லாம் போய்விட்டது என்று மனைவியிடம் சொன்னேன். அவள் "ம்" என்றாள்.

சியாகுல்லித் தோட்டங்களில் மந்தரின் தோடம்பழம் பிடுங்கப் போகும் எங்கள் ஆட்கள் ஒரு பை பழம் தந்திருந்தார்கள். வெங்காயப் பகிடி விட்ட பஸ் சாரதிக்கும் கொஞ்சம் கொடுக்கலாம் என்று மேலே போனேன். அவர் பழத்தை அங்கேயே உரித்துத் தின்றுகொண்டு என்னைப் பல்கனிக்குக் கூட்டிப்போனார்.

"உன் தோட்டத்தை இங்கிருந்து பார்க்க வேண்டும்."

பார்த்தேன். மஞ்சளும் வெள்ளையுமாய் நார்சீசோ அப்போதுதான் விரிய ஆரம்பித்திருந்தது. பூக்கள் இரண்டு வரிசையாய், கூரையின் அடியிலிருந்து புறப்பட்டு, கொஞ்சம் வளைந்து, இரும்புக் கதவில் போய் முடிந்தன. இரண்டுக்கும் நடுவே வெறும் மண், ஒரே அகலமாய். நான் தடியால் குத்திக்கொண்டு போன இடம். அதன் தொடக்கத்தில், கூரைக்கு நேர் முன்னால், பாதையை அடைத்துக்கொண்டு ஒரே ஒரு செடி நின்றது. என் சால்வியா.

"உன் மனைவி தும்புத்தடியை ஸ்கூட்டர் ஹாண்டிலின் அகலத்துக்கு அளவாய்ப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெண் இரண்டு பக்கமும் நட்டாள்" என்றார் அவர். "நான் இங்கிருந்து, இடது பக்கம் கொஞ்சம், இடது பக்கம் கொஞ்சம் என்று சொன்னேன். நாற்பது வருடம் பஸ் ஓட்டியவன், திரும்புகிற இடம் எனக்குத் தெரியும்."

கீழே வந்தபோது மனைவி அடுப்படியில் நின்றாள்.

"உமக்கும் தெரியும், என்ன?"

"ஓம். பிடிக்கச் சொன்னாள், பிடிச்சன்."

"உமக்குப் பயமில்லையோ?"

அவள் அகப்பையைச் சட்டியில் தட்டினாள். "பயமில்லாமலோ? பயத்தோடை சமைக்கிறன், பயத்தோடை வேலைக்குப் போறன். நீங்கள் பயத்தோடை தோட்டம் போடுறியள். அவள் என்ன செய்யிறது, சொல்லுங்கோ. பூவைப் பாத்துக்கொண்டு வீட்டை இருக்கிறதோ?"

மார்ச்சில் எல்லாம் ஒன்றாய் வந்தது. சிவப்பும் ஊதாவுமாய் அனெமோன்கள். அவற்றின் காலடியில் குட்டித் திராட்சைக் குலைபோல நீலப் பூக்கள். கதவுப் பக்கம் ஃபிரீசியா, அதன் வாசம் மூன்றாம் மாடி உடுப்புகளில்கூட ஏறியது. மூத்த நார்சீசோ வாடிச் சாயத் தொடங்கியபோது, லாவண்டரின் சாம்பல் பச்சை அதன் இலைகளுக்கு மேலே படர்ந்திருந்தது. அவள் சொன்னபடியே. பார்க்க நின்றவர்களிடம் நான் பெருமையாய் விளக்கினேன். பாதையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

மகளும் கேட்கவில்லை. டொக்டர் ஓட்டலாம் என்று சொன்னதைத் தாயிடம் சொல்வதுபோல என் காதில் விழச் சொன்னாள், அவ்வளவுதான். ஒரு மாலை, படியில் இருந்தபடி, "அந்த சால்வியாவை நான் தொடமாட்டன் அப்பா. அது நீங்கள் வைச்சது" என்றாள்.

அடுத்த ஞாயிறு காலை மண்வெட்டியை எடுத்தேன். செடி மொட்டு விட்டிருந்தது. சுற்றி அகலமாய் வெட்டினேன். வேர் நான் நினைத்ததைவிட ஆழம் போயிருந்தது, சில அறுந்த சத்தம் கேட்டது. மண்ணோடு தூக்கி நனைந்த சாக்கில் வைத்து இழுத்துக்கொண்டு போய்க் கதவோரம் நட்டேன். நிமிர்ந்தபோது மகள் ஹெல்மெட்டோடு நின்றாள்.

"மொட்டு நேரத்திலை மாத்தினால் வாடும்."

"தெரியும்."

ஸ்கூட்டரை மூடியிருந்த தறப்பாளை அவள் எடுத்தாள். ஸ்கூட்டரை உருட்டினாள், பூக்களுக்கு நடுவால், ஓர் இலையும் உரசாமல்.

"எங்கை போறாய்?"

"சந்தி மட்டும். திரும்பி வாறன்."

அந்தச் சந்திதானா என்று கேட்க வாய் வரவில்லை. சத்தம் தெருவில் போனது. கொஞ்சத் தூரம் வரை அது அவளுடையது என்று தெரிந்தது, பிறகு மற்றச் சத்தங்களோடு கலந்துவிட்டது. நான் குழாயைத் திறந்து சால்வியாவுக்குத் தண்ணீர் பிடித்தேன். மனைவி வாசலில் வந்து நின்றாள். கைத்துண்டை முறுக்கிக்கொண்டிருந்தாள். தண்ணீர் பாத்தி நிறைந்து வழிந்தது.

"போதும்! அது நீந்தப்போகிறது!" என்று மேலிருந்து கத்தினார் சாரதி.

எனக்குக் குழாயை மூடத் தோன்றவில்லை. கதவுக்கு வெளியே ஒரு ஸ்கூட்டர் வேகம் குறைத்தது. முன்விளக்கு தெரிந்தது, புதிய கண்ணாடி.

"அப்பா! என்ன இது? பாதை முழுக்கச் சேறு. வழுக்கி விழுத்தப் போறியளோ என்னை?"

இறங்கிவிட்டாள். அவள் முன்னால் பிடிக்க, நான் பின்னால் பிடிக்க, இரண்டு பேரும் அதைச் சேற்றுக்குள்ளால் கூரை வரை உருட்டிக்கொண்டு போனோம். சேற்றில் என் கால் சறுக்கியதில் ஸ்கூட்டர் ஆடியது. "நேராப் பிடியுங்கோ" என்றாள். "பூவிலை படப்போகுது."