நான் கழட்டின பிளக்கும் அவளின் சின்னத் துண்டுகளும்

கொழும்பில், வெள்ளவத்தை பிளாட்டில் நானும் மருமகளும்தான். மகன் வேலைக்கு வெளிநாடு போய்விட்டான். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அவள் கம்பஸில் மேல்படிப்புப் படிக்கிறாள். சாப்பாட்டு மேசையில் பாதி எங்களுக்கு, பாதி அவளின் கம்ப்யூட்டருக்கு.

அவள் படிப்பது ஒரு உலோகக் குழாயைப் பற்றி. விரல் தடிப்புக்கூட இல்லை. ரேடியோ அலை மாதிரி ஒன்று அதற்குள்ளால் போகுமாம். குழாயைச் செய்வதற்கு முதல், அலை எப்படிப் போகும் என்று கம்ப்யூட்டரில் பார்க்கவேணும். அதற்குக் குழாயின் உள்வெளியைத் துண்டு துண்டாக வெட்டிக் குடுக்கவேணும். எனக்குக் கேட்கக் கூச்சம். ஒருநாள் நான் கறிக்குப் போஞ்சிக்காய் வெட்டும்போது அவளாகவே சொன்னாள்.

"பெரிய துண்டாப் போட்டால் கெதியா முடியும் மாமி, ஆனா விடை பிழைக்கும். சின்னனாப் போட்டால் நாள்கணக்கா ஓடும்."

"எவ்வளவு சின்னன் எண்டால் போதும்?"

"சின்னனாக்கிச் சின்னனாக்கிப் பாக்கவேணும். விடை அசையாமல் நிண்டால் காணும்."

அவளின் விடை நிற்கவேயில்லை. திங்கட்கிழமை பேராசிரியருக்குக் காட்டவேணும். காட்டாவிட்டால் இந்த வருசம் குழாய் செய்யக் குடுக்கமாட்டார்கள். அதனால் எல்லா இடத்தையும் மிகச் சின்னனாக வெட்டி, வெள்ளிக்கிழமை ஓடவிட்டாள். சனிக்கிழமை பாமன்கடைப் பகுதியில் ஒரு பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்குடுக்கப் போகும்போது, "கம்ப்யூட்டரை மட்டும் தொடாதேங்கோ மாமி" என்றாள்.

நான் தொடவில்லை. பின்னேரம் கடல்பக்கம் கறுத்து இடி இடித்தது. இடி கேட்டால் வீட்டில் எல்லாப் பிளக்கையும் கழட்டுவது என் கையின் பழக்கம். டிவி, பிரிஜ், பிறகு அவளுடையது. அதற்கு ஒன்றும் ஆகக்கூடாது என்றுதான்.

நனைந்து வந்தவள் கறுத்த திரையைப் பார்த்தபடி நின்றாள். வெள்ளிக்கிழமை தொடக்கம் ஓடினதெல்லாம் பாதியில் போய்விட்டது.

"நான்தான் பிள்ளை. இடிக்கு."

"பிரிஜ்ஜையும் கழட்டினீங்களோ?"

"ஓம்."

"அப்ப அதுக்கும் இதுக்கும் ஒரே நீதிதான்."

சிரித்தாள். கண் சிரிக்கவில்லை. நான் தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டுக் குசினிக்குள் அடுப்படியில் போய் நின்றேன்.

கம்ப்யூட்டரைத் திரும்பப் போட்டுக் கனநேரம் குழாயின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். குழாயின் நடுவில் ஒரு ஒடுங்கின வெட்டு. அலை அங்கேதான் நெருக்குப்படுமாம்.

"அங்க மட்டும் சின்னனா வெட்டுவம். மற்ற இடத்துக்குப் பெரிசு காணும். பயத்தில முழுக்கச் சின்னனாப் போட்டிட்டன்."

ஞாயிறு காலை ஓடவிட்டாள். இந்தமுறை சில மணித்தியாலம்தான் எடுத்தது. மத்தியானம் ஒரு விடை வந்தது. அந்த வெட்டுப் பக்கத்தை இன்னும் சின்னனாக்கித் திரும்ப ஓடவிட்டாள். இரண்டும் ஒத்துவந்தால் சரியாம்.

பின்னேரம் திரும்பவும் இடி. டிவியையும் பிரிஜ்ஜையும் கழட்டினேன். பிறகு ஒரு கதிரையை இழுத்து அவளின் பிளக்குக்குப் பக்கத்தில் போட்டு, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

"பயமெண்டால் உள்ளுக்குப் போங்கோ மாமி."

"பரவாயில்லை."

யன்னலில் மின்னும்போதெல்லாம் அவள் திரையைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். கடைசியில் கடதாசியில் மத்தியானம் எழுதின இலக்கத்துக்குக் கீழே இன்னொன்றை எழுதினாள்.

"அசையேல்லை மாமி."

இந்தமுறை அவளின் கண்ணும் சிரித்தது.

"இனிக் கழட்டுங்கோ," என்றாள்.

கழட்டினேன்.