கிராம்பு எண்ணெயும் அப்பாவின் பாதமும்

அப்பா இருபத்திரண்டு வருடம் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் துணி அலசினார். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். உள்ளே எப்போதும் ஈரம். கூட வேலை செய்தவர்கள் அவரை ‘வாத்து’ என்றே கூப்பிட்டார்கள். அவரும் திரும்பிப் பார்ப்பார்.

விரலிடுக்கில் சேற்றுப்புண் வருவதும் போவதும் அவருக்குப் பழக்கம். சர்க்கரை நோய் முற்றிய பிறகு ஆறவில்லை. மேஸ்திரி எல்லோர் முன்னாலும் பூட்ஸைக் கழற்ற வைத்தார்.

“ஏன்யா வாத்து, இது காலா, அழுகின கிழங்கா? மாசக் கடைசிக்குள்ள ஆறலன்னா கேட்டுக்கு வெளிய போய் நீந்து.”

எல்லோரும் சிரித்தார்களாம். தானும் சிரித்ததாக அப்பா சொன்னார்.

ஆய்வகத்தில் பூஞ்சை வளர்த்து, எந்தத் தாவர எண்ணெய் எந்த அளவில் அதைக் கொல்கிறது என்று பார்ப்பது என் வேலை. அப்பாவின் விரலிடுக்குத் தோலைச் சுரண்டி எடுத்துப்போய்த் தட்டில் வளர்த்தேன். கிராம்பு எண்ணெய் வைத்த இடத்தைச் சுற்றிப் பொத்தான் அகலத்துக்குப் பூஞ்சையே இல்லை. ஒரு குப்பியில் கொடுத்தேன்.

“ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெய்க்கு ரெண்டே சொட்டுப்பா. அப்படியே தடவினா தோல் வெந்துடும்.”

“சரிங்க டாக்டரம்மா.”

நான்காம் நாள் போனில் கேட்டேன்: “எரியுதாப்பா?”

“துளிகூட எரியல கண்ணு.”

அளவு சரியாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள், பூட்ஸோடு பாதத்துத் தோலும் கழன்று வந்தது. அழுக்குத் துணி வண்டியில் உட்காரவைத்து வார்டுக்குத் தள்ளிப் போனார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் பாதத்தில் ஊசியால் குத்தினார். “வலிக்குதா?”

“குத்திட்டீங்களா?” என்றார் அப்பா. “கலந்தா வீரியம் போயிடுமேன்னு அப்படியே ஊத்தினேங்க. எம் பொண்ணு மருந்து. எரியவே எரியாது.”

டாக்டர் என்னைப் பார்த்தார். “கால் மரத்துப் போனவருக்கு எப்படிம்மா எரியும்?”

முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். மறுநாள் மேஸ்திரி வந்தார், வாசலிலேயே நின்றார். புது ஆள் சேர்ந்துவிட்டானாம், பூட்ஸ் வேண்டுமாம்.

“நல்லா கழுவிக் குடும்மா,” என்றார் அப்பா. கழுவிக் கொடுத்தேன்.

புண்ணின் விஷம் ரத்தத்தில் ஏறி, காலை எடுத்த ஆறாம் நாள் இறந்தார்.

அம்மா அழவில்லை. “அவ்ளோ படிச்சவ, நீ முதல்லயே ஒரு குத்து குத்திப் பாத்திருக்கக் கூடாதா?”

பார்த்திருக்கலாம். ஒரு நிமிட வேலை.