சாம்பிராணி தூக்கலான சட்டை

மழையில் சரியாகக் காயாத பேரனின் சட்டை நாறியது. சாம்பிராணிப் புகைமேல் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் விரித்துப் போட்டேன். அறுபதுகளில் எங்கள் தென்னூர் வீட்டிலும் இப்படித்தான்.

அத்தா தோல் ஷாப்பில் தோல் பதனிடும் வேலை பார்த்தார். எத்தனை முறை துவைத்தாலும் ஊறிய தோலின் நாற்றம் சட்டையை விடாது. அக்காவைப் பெண் கேட்டவர்களிடம் வியாபாரம் என்று சொல்லியிருந்தோம். அவர்கள் வீட்டுக்கு அத்தா கிளம்பிய அன்று, அம்மா சட்டையை எலுமிச்சைத் தண்ணீரில் ஊறவைத்து அலசி, வெயிலில் காயவைத்து, புகையும் காட்டினார்.

"எதுக்கும் கொஞ்சம் தள்ளியே உக்காருங்க," என்றார்.

திரும்பி வந்த அத்தா சிரித்தார்.

"மாப்பிள்ளையோட அத்தாவும் தள்ளித்தான் உக்காந்தாரு. அவரு சட்டையில நம்மளவிட சாம்பிராணி தூக்கல். எந்தத் தோல் ஷாப்புன்னு கேட்டேன். சம்பந்தம் பேசி முடிச்சாச்சு."